மைசூரின் ‘தொட்ட ஸ்வாமி’

இன்றைய சாமராஜநகர் முற்காலத்தில் அரிகுட்டாரா என்று வழங்கப்பட்டது. 1818-இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தம் தந்தை சாமராஜ உடையாரின் நினைவாக அவ்வூருக்கு இப்பெயரைச் சூட்டினார். அந்நாளில் மைசூர் ராஜ்யத்தில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் நம் நாட்டு உடையணிந்து வாழ்ந்து வந்தார். மக்கள் அவரைத் ‘தொட்ட ஸ்வாமி’, அதாவது பெரிய சுவாமி என்று அழைத்தனர். அவரே ஆபே துபுவா.

தென் பிரான்சில் பிறந்த அவர், புரட்சியால் தாயகம் கொந்தளித்த 1792-இல் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சார்பில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க மைசூர் சென்றார். மக்களின் மனத்தை அறிய வேண்டுமெனில் அவர்களைப் போல வாழ வேண்டும் என்று உணர்ந்து, ஐரோப்பியப் பழக்கங்களைக் கைவிட்டார்.

பெரியம்மை ஊர் ஊராக உயிர்களைக் கொள்ளைகொண்ட காலம் அது. ஜென்னர் கண்டறிந்த அம்மைப்பால் குத்துதலை மக்கள் அஞ்சினர். துபுவா பொறுமையுடன் எடுத்துரைத்தார். 1803-04-இல் சில மாதங்களுக்குள் 25,000-க்கும் மேற்பட்டோர் ஊசி குத்திக்கொண்டனர். ஹாசன் அருகே சாத்தள்ளியில் ஏழைகளுக்காக வேளாண் குடியிருப்பு ஒன்றையும் அவர் அமைத்தார்.

இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய அவரது கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 வராகன் கொடுத்து வாங்கியது. 1816-இல் லண்டனில் வெளியான அந்நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆயினும் அதன் பெரும்பகுதி, அவருக்கு முன் புதுச்சேரியில் வாழ்ந்த கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியாரின் எழுத்தைத் தழுவியது என்பதை 20-ஆம் நூற்றாண்டின் ஆய்வு வெளிப்படுத்தியது. நம் சமூகத்தைப் பற்றி அந்நூல் கூறும் கடுமையான தீர்ப்புகளையும் அப்படியே ஏற்பதற்கில்லை.

1823-இல் அவர் தாயகம் திரும்பினார். மதம் மாற்றவே வந்தவர், முப்பதாண்டு உழைப்புக்குப்பின், இந்நாட்டு மக்களை மதம் மாற்றுவது இயலாத காரியம் என்று அதே ஆண்டு வெளிவந்த தம் கடிதங்களில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சக மிஷனரிகள் சினந்து மறுப்பு எழுதினர். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பின்னர் தம் மிஷனின் தலைவராகவும் பணியாற்றி, 1848-இல் பாரிஸில் மறைந்தார்.

அவர் நாடி வந்த நோக்கம் நிறைவேறவில்லை; பெயர் பெற்றுத் தந்த நூலும் முழுமையாக அவருடையதன்று. ஆனால் அம்மையிலிருந்து தப்பிப் பிழைத்த குழந்தைகளின் உயிர் எவரிடமிருந்தும் இரவல் பெற்றதல்ல. பலன் கருதிச் செய்த பணி கைநழுவியது. பரிவினால் செய்த பணி நிலைத்தது.