மாபாடியம் தந்த சிவஞான முனிவர்

பாவநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மையாருக்கும் திருமகனாக அவதரித்தவர் முக்களாலிங்கர். இளவயதிலேயே திருவாவடுதுறை ஆதீனம் சென்று, வேலப்ப தேசிகரிடம் துறவு பெற்றுச் சிவஞான முனிவரானார்.

தொல்காப்பியத்துக்குச் சூத்திர விருத்தி எழுதினார். வடமொழித் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்தார். இலக்கணமும் தருக்கமும் அவருக்கு வெறும் புலமைப் பொருள்களல்ல. சமய உண்மையைத் துணியும் கருவிகள். சிவஞானபோதத்துக்கு அவர் செய்த மாபாடியமே இதற்குச் சான்று.

அத்துவிதம் என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய அகரம் எதிர்மறையைக் குறிப்பது. அதற்கு இன்மைப் பொருள் கொண்டால், இரண்டாவது பொருளே இல்லை என்றாகும். அப்போது வணங்கும் உயிர் ஏது? பூசை ஏது? இறைவனும் உயிரும் முற்றிலும் வேறெனப் பிரித்தாலோ, திருவருள் உயிருள் கலந்து நிற்க வழியில்லை.

முனிவர் அன்மைப் பொருளே பொருந்தும் எனத் தெளிவித்தார். அநேகம் என்றால், ஒன்றுமே இல்லை என்பதல்ல. ஒன்று அல்ல, பல என்பதே பொருள். அதுபோல, அத்துவிதம் என்பது இரண்டு பொருள் இல்லை என்பதன்று. பொருளால் இரண்டாயினும், உடலில் உயிர்போல, கலப்பால் வேறாகாது நிற்றல். ஓரெழுத்தின் பொருளில் வழிபாடே நிலைபெற்றது.

முனிவர் 1785ஆம் ஆண்டு சிவபதம் எய்தினார். சித்திரை ஆயிலியம் அவரது குருபூசைத் திருநாள். அவருடைய நூல்கள் சிலவற்றை நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சேற்றினார்.

மாத்தளை மண்ணில் தீபாராதனை வேளையில் கைகூப்பி நிற்கும் அடியவர், தாமும் உண்டு, தம்முள் நின்று அருளும் இறையும் உண்டு எனத் துணிந்து வழிபடலாம். அத்துணிவைத் தந்த முனிவர் திருவடி போற்றி!