மலைக் கொரில்லாக்களின் காவலர்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1932ஆம் ஆண்டு பிறந்தவர் டயான் ஃபாசி. மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்து வந்த அவர், 1963ஆம் ஆண்டு ஆப்பிரிக்கா சென்றபோது மலைக் கொரில்லாக்களைக் கண்டார். அக்காட்சி அவரது வாழ்வின் போக்கையே மாற்றியது. 1967ஆம் ஆண்டு ருவாண்டாவின் விருங்கா மலைப்பகுதியில் கரிசோகே ஆய்வு மையத்தை நிறுவினார். கொரில்லாக்களைப் போலவே ஒலியெழுப்பியும் தழைகளை மென்றும் அவற்றின் அச்சத்தைப் போக்கினார்.

கொரில்லாக்கள் தம் குட்டியைக் காக்க உயிரையும் கொடுப்பவை. ஆதலால், ஒரு குட்டியைப் பிடிக்கப் பெரிய கொரில்லாக்கள் பல கொல்லப்பட்டன. 1969ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கோலோன் உயிரியல் பூங்காவுக்காகப் பிடிக்கப்பட்ட கோகோ, பக்கர் என்னும் இரு குட்டிகள் நோயுற்ற நிலையில் ஃபாசியிடம் வந்தன. தம் குடிலிலேயே வைத்துக் காட்டுத்தழைகளை ஊட்டி அவற்றைத் தேற்றினார். காட்டுக்கே அவற்றைத் திருப்பியனுப்ப விரும்பினார், அது நிறைவேறவில்லை. கோலோனுக்கு அனுப்பப்பட்ட இரண்டும் 1978ஆம் ஆண்டு இறந்தன.

1980ஆம் ஆண்டு, வேட்டைக்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட மற்றொரு குட்டி, நலம்பெற்றபின் காட்டில் விடப்பட்டது. முதலில் ஒரு கூட்டம் அதனைத் தாக்கியது. பின்னர் வேறொரு கூட்டம் ஏற்றுக்கொண்டது. ஓராண்டளவில் நிமோனியாவால் அது இறந்தபோதும், தன் இனத்தோடு காட்டில் வாழ்ந்தே மறைந்தது.

ஃபாசி மிகவும் நேசித்த டிஜிட் என்னும் கொரில்லாவை 1977ஆம் ஆண்டு வேட்டைக்காரர்கள் கொன்றனர். அதன்பின் வேட்டைக்கு எதிரான அவரது போராட்டம் மேலும் கடுமையானது. பகையும் வளர்ந்தது. 1985 டிசம்பரில் தம் குடிலில் கொலையுண்ட அவர், டிஜிட்டின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1980களின் தொடக்கத்தில் விருங்காவில் ஏறத்தாழ 250ஆக இருந்த கொரில்லாக்கள், 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 604ஆகப் பெருகியிருந்தன.