குருதியின் வகை கண்டவர்

பாலையூற்றில் மாணாக்கர்க்குக் குருதி என்னும் சொல்லை விளக்குந்தோறும் யான் கார்ல் லான்ட்ஸ்டைனரை நினைவேன்.

1868இல் வியன்னா நகரிற் பிறந்து, ஆறாம் அகவையில் தந்தையை இழந்த அவர், 1891இல் மருத்துவப் பட்டம் பெற்று, இரசாயனமும் பயின்றார். அந்நாளில் பிறர் குருதி ஏற்றப்பெற்றோருட் சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணம் அறிந்தாரிலர். லான்ட்ஸ்டைனர், தாமும் உடன்பணியாற்றியோரும் ஈந்த குருதியைப் பகுத்து, ஒருவரது தெளிநீரைப் பிறரது அணுக்களோடு கலந்து நோக்கினார். சில இணங்கின, சில திரண்டன. 1901இல் மூன்று வகைகளை அறிவித்தார். நான்காவது அடுத்த ஆண்டிற் புலனாயிற்று.

1930இல் நொபெல் பரிசு பெற்றும் அவர் ஓய்ந்திலர். 1940இல் நியூயோர்க்கில் வீனரோடு றீசஸ் காரணியை வெளியிட்டார். 1943இல் ஆய்வுகூடத்திலேயே மாரடைப்புற்று, இரு நாளில் மறைந்தார்.

ஈன்ற தாயின் குருதி மகவுக்கு ஒவ்வாதொழியலாம். முன்பின் அறியாதான் குருதி உயிர் காக்கலாம். குலப்பெருமை பேசுவார்க்கு இதனினும் தக்க விடை யாது?