இரசாயன ஆசிரியர் மயில்வாகனம்

சுவாமி விபுலானந்தரைப் பற்றி ஆறாம் வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். முத்தமிழ் வித்தகர், துறவி, யாழ் நூல் தந்தவர், பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். தமிழ்மொழித் தினப் பேச்சுக்களில் இந்த வரிசை மாறாமல் வரும். அவர் துறவியாகுமுன் இரசாயனம் படித்தவர், இரசாயனம் கற்பித்தவர் என்பதை அந்தப் பேச்சுக்கள் ஒரு வரியில் தாண்டிவிடும். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேர்ந்த பிறகு எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிந்தது. அவருடைய ஆன்மிக வாழ்வைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ஆசிரியரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் 1892இல் காரைதீவில் பிறந்தார். தந்தை சாமித்தம்பி, தாய் கண்ணம்மையார். பிள்ளைக்கு வைத்த பெயர் மயில்வாகனம். காரைதீவுக்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், கிழக்கே கடல், மேற்கே வயல். பஸ்ஸில் போகும்போது ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பலகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையில் படித்துவிட்டு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தார். இயேசு சபைத் துறவிகள் நடத்திய அந்தக் கல்லூரியிலிருந்து 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். என்னைவிட ஒரு வயது குறைவு!

அந்த நாட்களில் பாரிஸில் ஜீன் பெரன் என்ற விஞ்ஞானி, நீரில் மிதக்கும் மிகச் சிறிய துணிக்கைகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். அணு என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறதா என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளே அப்போதும் சந்தேகப்பட்டார்கள். பெரனின் எண்ணிக்கைகள் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தன. ஒரு மூலில் எத்தனை துணிக்கைகள் என்ற எண்ணுக்கு அவகாதரோவின் பெயரை வைக்கலாம் என்று 1909இல் சொன்னவரும் அவரே. மூல் என்ற சொல்லை ஜேர்மனியில் ஒஸ்வால்ட் என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1890களில். ஆகவே மூலும் மயில்வாகனமும் ஏறக்குறைய ஒரே வயதினர். நாங்கள் இன்று பழைய பாடமாகப் படிப்பது அவர் மாணவராக இருந்தபோது புதுச் செய்தி.

இந்த மூல்தான் உயர்தர வகுப்பில் பலரைக் கலங்க வைப்பது. மூன்றாம் அலகு, இரசாயனக் கணிப்புகள். பெற்றோருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன். வயலில் நெல்லை யாரும் மணி மணியாக எண்ணுவதில்லை, மரைக்காலால் அளக்கிறோம். தேங்காயை நூறு நூறாக விற்கிறோம். நூறு தேங்காயும் நூறு தேசிக்காயும் எண்ணிக்கையில் ஒன்று, நிறையில் வேறு. மூல் என்பதும் அப்படி ஒரு "நூறு"தான், ஆனால் அந்த நூறு 6.022 × 10²³. இவ்வளவு இரும்பு அணுக்களின் திணிவு 56 கிராம், இதே எண்ணிக்கை கந்தக அணுக்களின் திணிவு 32 கிராம். இரும்பும் கந்தகமும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்து இரும்புசல்பைட்டு ஆகும். 56 கிராம் இரும்புக்கு 56 கிராம் கந்தகம் போட்டால் சமமாகப் போட்டதுபோல் தோன்றும். ஆனால் 24 கிராம் கந்தகம் சேர ஆளில்லாமல் மிஞ்சும். தராசு காட்டும் சமம் வேறு, எண்ணிக்கையின் சமம் வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் பாலம்தான் மூல். இது விளங்கினால் மீதி எல்லாம் விகிதக் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும்.

மயில்வாகனம் தான் படித்த கல்லூரியில் சிறிது காலம் கற்பித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பு போனார். 1915இல் அங்கே அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் தேறிய முதல் ஆள் அவர். இந்த இரண்டும் ஒரே வருடத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். பகலில் ஆய்வுகூடம், அங்கே தராசும் அளவியும், எல்லாம் ஆங்கிலத்தில். அறைக்கு வந்தால் தொல்காப்பியமும் சங்க நூல்களும். ஒரு தலைக்குள் இரண்டு மொழியும் இருந்தன, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பேச வழியில்லை. ஒட்சியேற்றத்தைத் தமிழில் சொல்ல அந்தப் பண்டிதரிடமே சொல் இருந்திருக்காது.

1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். இந்த மானிப்பாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கே வைத்தியசாலை நடத்தி, மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கியதோடு, 1875இல் ஓர் இரசாயன நூலையும் "கெமிஸ்தம்" என்ற பெயரில் வெளியிட்டார். பின்னாளில் அந்த முயற்சி தொடரவில்லை. மயில்வாகனம் அதிபராகப் போனபோது, தமிழ்ப் பிள்ளை இரசாயனம் படிக்க வேண்டுமானால் முதலில் ஆங்கிலம் படிக்க வேண்டும், ஆங்கிலம் படிக்கப் பணம் வேண்டும் என்ற நிலைதான் இருந்தது. ஏழைப் பிள்ளைக்கு, அதிலும் பெண்பிள்ளைக்கு, அணு என்ன மூலகம் என்ன!

1922இல் பதவியை விட்டு, சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். அடுத்த வருடம் திரும்பி வந்து மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1929இல் கல்லடி உப்போடையில் தன் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வாவிக்கு மேல் கல்லடிப் பாலம் திறந்து அப்போது ஐந்து வருடம்தான். காத்தான்குடியிலிருந்து டவுனுக்கு டியூஷன் போகிற நாங்கள் கல்லடியைத் தாண்டித்தான் போகிறோம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைக்கப்பட்டு, சுமார் இரண்டு வருடம் அங்கே இருந்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1930களில் சென்னை மாகாணத்தில் பாடசாலைகளில் தமிழில் பாடம் நடத்தும் பேச்சு எழுந்தது. கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரவியல் என்று எல்லாவற்றுக்கும் சொற்கள் வேண்டும். ஆங்கிலச் சொல்லை அப்படியே வைப்பதா, சமஸ்கிருதத்திலிருந்து எடுப்பதா, தமிழில் ஆக்குவதா என்று பெரிய வாதம். கலைச்சொற்களை முடிவு செய்யக் கூடிய மாநாட்டுக்கு விபுலானந்தரைத் தலைமை தாங்க அழைத்தார்கள். சரியான தெரிவு என்பேன். தமிழ் மட்டும் தெரிந்தவர் அழகான சொல்லைச் செய்துவிடுவார், அது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல். விஞ்ஞானம் மட்டும் தெரிந்தவருக்குச் சொல் வராது. குடுவையும் கையில் பிடித்து, இலக்கணமும் படித்த ஆள் அன்று அதிகம் பேர் இல்லை. இலங்கையில் 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. நாங்கள் படிக்கும் புத்தகங்களின் சொற்கள் பெரும்பாலும் அவ்வழியில் வந்தவை.

இந்தச் சொற்களோடு எங்களுக்குக் கோபமும் உண்டு. மூலகம், மூலக்கூறு, மூல்: மூன்றும் ஒரே வினாவில் வந்தால் கண் தடுமாறும். ஒரு மூல் ஒட்சிசன் என்றால் 16 கிராமா, 32 கிராமா? அணுவா மூலக்கூறா என்று சொல்லாமல் மூல் என்பதற்கு அர்த்தமே இல்லை. தமிழ்நாட்டு வீடியோ பார்த்துப் படிக்கலாம் என்றால் அங்கே இரசாயனவியல் வேதியியல், மூலகம் தனிமம், மூல் மோல். பீசமானம் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு மூத்த ராத்தா மருத்துவ பீடத்தில் படிக்கிறா. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான், இப்போதே ஆங்கில மூலத்துக்கு மாறு என்று சொல்லுவா. வாப்பாவுக்கும் அந்த யோசனை இருந்தது. நான் தமிழ் மூலத்திலேயே இருக்கிறேன். தேங்காயும் தேசிக்காயும் மரைக்காலும் வைத்து நான் விளங்கிக்கொண்ட மூல், பெயர் மாறினாலும் அதே மூலாகத்தான் இருக்கும். விளங்காமல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தால் இரண்டு தரம் படிக்க வேண்டி வரும் என்பது என் எண்ணம். ராத்தா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சுவாமியின் கடைசிப் பெரிய வேலை யாழ் நூல். பழந்தமிழர் மீட்டிய யாழ் அழிந்து, பெயர்கள் மட்டும் இலக்கியத்தில் கிடந்தன. அதன் அமைப்பையும் சுரங்களையும் கணக்கிட்டு மீட்க அவர் ஏறக்குறைய பதினான்கு வருடம் உழைத்தார். அதை இசை நூல் என்று ஒதுக்கிவைத்திருந்த நான், உள்ளே எண்கள் நிறைந்திருப்பதைப் பார்த்தபோது திகைத்துப் போனேன். அடிப்படை இதுதான்: நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேலே கேட்கும், விகிதம் 2:1. மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்கு இளி கேட்கும், விகிதம் 3:2. நான்கில் மூன்றாக்கினால் உழை, 4:3. இளியையும் உழையையும் பெருக்கிப் பாருங்கள், சரியாக 2 வரும். நரம்பு எவ்வளவு நீளம் என்பது முக்கியமில்லை, ஒன்றுக்கு மற்றது என்ன பங்கு என்பதே முக்கியம். 56க்கு 32 என்று இரசாயன ஆசிரியர் பழகிய கை அது. பழைய நூல்கள் ஒரு மண்டிலத்தை 22 ஆகப் பிரித்து ஒவ்வொன்றையும் அலகு என்றன. எங்கள் கணக்கில் விடைக்குப் பின்னால் எழுதாவிட்டால் புள்ளி குறைப்பார்களே, அந்த அலகும் இதே சொல்தான்.

மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்தில் கேட்பதாகச் சொல்லும் மீன் பாடலையும் அவர் விடவில்லை. அந்த ஒலியை நீரர மகளிர் பாடும் இசையாகக் கற்பனை செய்து ஒரு கவிதை எழுதினார். கவிதைதான்; ஆனால் சுர வரிசையை எண்ணிப் பார்க்கும் புத்தி அதிலும் இருக்கிறது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் தளர்ந்துகொண்டே வந்தது. 1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அவருடைய கணக்கின்படி செய்த யாழ்களை அங்கே மீட்டிக் காட்டினார்கள். அன்று முதல் ஆறு வாரம்தான். ஜூலை 19இல் கொழும்பில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. அவரைக் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவந்து, அவரே கட்டிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்தார்கள்.