யார் இந்த ஃப்ராங்க் வொரெல்? பிரிந்து கிடந்த வெஸ்ட் இண்டீஸை ஒரே அணியாக்கிய கேப்டனின் கதை

ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 3ஆம் தேதி கொல்கத்தாவில் ரத்ததான முகாம் நடக்கும். நடத்துவது வங்காள கிரிக்கெட் சங்கம். அந்த நாளுக்கு அவங்க வெச்சிருக்கற பெயர் ஃப்ராங்க் வொரெல் தினம். 1981லிருந்து இது நடக்கிறது. சரி, கரீபியன் தீவுல பிறந்த ஒருத்தர் பேர்ல கொல்கத்தாவில் எதுக்கு ரத்ததானம்?

1962 மார்ச் மாதம். பார்படாஸில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது. மண்டை ஓட்டில் எலும்பு முறிவு. உடனடியாக அறுவை சிகிச்சை, உடனடியாக ரத்தம் தேவை. சந்து போர்டே, பாலி உம்ரிகர், பாபு நட்கர்னி ஆகியோர் கொடுத்தார்கள். அவர்களோடு சேர்ந்து கை நீட்டியவர் எதிரணியான வெஸ்ட் இண்டீஸின் கேப்டன். அவர்தான் வொரெல்.

கறுப்பருக்குக் கிடைக்காத நாற்காலி

1924 ஆகஸ்ட் 1ஆம் தேதி பார்படாஸில் பிறந்தவர் வொரெல். வீக்ஸ், வால்காட், வொரெல் என்ற புகழ்பெற்ற மூவரில் ஒருவர். மொத்தம் 51 டெஸ்ட்களில் 3,860 ரன்கள், 9 சதங்கள், 69 விக்கெட்டுகள். ஆனா அந்தக் காலத்து வெஸ்ட் இண்டீஸ் அணியில் திறமை ஒரு பக்கம், கேப்டன் பதவி இன்னொரு பக்கம். ரன் அடிக்கிறதும் விக்கெட் எடுக்கிறதும் பெரும்பாலும் கறுப்பின, இந்திய வம்சாவளி வீரர்கள். தலைமை மட்டும் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. 1948ல் ஜார்ஜ் ஹெட்லி ஒரே ஒரு டெஸ்டுக்குத் தலைமை தாங்கினார். அவ்ளோதான்.

இதோட தீவுச் சண்டை வேற. பார்படாஸ்காரர், ஜமைக்காக்காரர், டிரினிடாட்காரர், கயானாக்காரர் என ஆளுக்கொரு கூட்டம். 1951-52ல் ஆஸ்திரேலியா போன அணி 4-1 எனத் தோற்றது. அதில் மெல்போர்ன் டெஸ்டில் எதிரணியின் கடைசி ஜோடி 38 ரன் சேர்த்து ஜெயித்தபோது, களத்தில் யார் பேச்சை யார் கேட்பது என்றே தெரியாத நிலை.

‘தி நேஷன்’ பத்திரிகையில் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் விடாமல் குரல் கொடுத்தார். 1960ல் வாரியம் இறங்கி வந்தது. ஒரு முழுத் தொடருக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஆனார் வொரெல். அப்போது அவருக்கு வயது 36.

இங்கே கவனிக்க வேண்டிய ஆள் ஜெர்ரி அலெக்சாண்டர். வெள்ளையராகக் கருதப்பட்ட கடைசி கேப்டன். பதவி போன பிறகு வொரெலின் கீழ் துணை கேப்டனாக, விக்கெட் கீப்பராக அதே ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் போனார். நேற்று வரை பாஸாக இருந்தவர் இன்று கீழே வேலை பார்த்தால் நம்ம ஆபீஸ்கள்ல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அலெக்சாண்டர் ஐந்து டெஸ்டிலும் அரைசதம் தாண்டினார், 484 ரன்கள் எடுத்தார். தன் வாழ்க்கையின் ஒரே முதல்தர சதத்தை சிட்னியில் அடித்தார். புது கேப்டன் அவரை ஓரங்கட்டவில்லை என்பதும் இதில் பாதி காரணம்.

அந்தக் கடைசி ஓவர்

பிரிஸ்பேன், 1960 டிசம்பர் 14. எட்டுப் பந்து ஓவர். ஆஸ்திரேலியா ஜெயிக்க 6 ரன், கையில் 3 விக்கெட். பந்து வெஸ் ஹாலிடம். பவுன்சர் வேண்டாம் என்று வொரெல் சொல்லியிருந்தார். ஹால் பவுன்சர் போட்டார்! அதிர்ஷ்டம், பெனோ அவுட். அடுத்து, ரோகன் கன்ஹாய் பிடிக்கக் காத்திருந்த எளிதான கேட்சுக்குக் குறுக்கே ஓடி அதை நழுவவிட்டதும் ஹால்தான். வேறு கேப்டனாக இருந்தால் களத்திலேயே திட்டு விழுந்திருக்கும். வொரெல் குரலை உயர்த்தவில்லை. கடைசியில் அவர் சொன்னது ஒன்றுதான்: நோ-பால் மட்டும் போட்டுடாதே, போட்டா ஊர் திரும்ப முடியாது. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஸ்கோர் சமம். அடுத்த பந்தில், கயானாவின் இந்திய வம்சாவளி வீரர் ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து ஸ்டம்பைக் குறிபார்த்து எறிந்து மெக்கிஃபை ரன் அவுட் ஆக்கினார். டெஸ்ட் வரலாற்றின் முதல் ‘டை’. இரண்டாவது 1986ல் நம்ம சேப்பாக்கத்தில்!

தொடரை ஆஸ்திரேலியாதான் 2-1 என வென்றது. ஆனால் வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறுவதைத் தடுக்கும் கொள்கை நடைமுறையில் இருந்த அதே நாட்டில், 1961 பிப்ரவரியில் மெல்போர்ன் வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டு வொரெல் அணியைத் திறந்த கார்களில் வழியனுப்பினார்கள். இரு நாடுகள் மோதும் கோப்பைக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது.

இன்னொரு ஒப்பீடு. அந்தத் தீவுகளை ஒரே நாடாக்க 1958ல் ஒரு கூட்டமைப்பு உருவானது. 1962ல் அது கலைந்துபோனது. அரசியல்வாதிகளால் ஐந்து வருஷம்கூட தாக்குப்பிடிக்க முடியாத ஒற்றுமையை அந்த அணி தாங்கிப்பிடித்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தை 3-1 என அவர்கள் மண்ணிலேயே வீழ்த்தியது. கேப்டனாக 15 டெஸ்ட்: 9 வெற்றி, 3 தோல்வி, 2 டிரா, 1 டை.

அதன் பிறகு நாற்காலியைப் பிடித்துத் தொங்கவில்லை. கேரி சோபர்ஸைப் பரிந்துரைத்துவிட்டு ஒதுங்கினார். 1964ல் சர் பட்டம். பார்படாஸ்காரரான அவர் ஜமைக்காவில் பல்கலைக்கழக விடுதிக் காப்பாளராகவும் செனட்டராகவும் இருந்தார்.

1966-67ல் வெஸ்ட் இண்டீஸ் அணியோடு இந்தியா வந்தபோதுதான் அவருக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1967 மார்ச் 13ஆம் தேதி கிங்ஸ்டனில் காலமானார். வயது 42. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு நினைவு வழிபாடு நடந்தது. அந்த மரியாதையைப் பெற்ற முதல் விளையாட்டு வீரர் அவர்.

கான்ட்ராக்டர் மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. ஆனால் பிழைத்தார். முதல்தர கிரிக்கெட்டுக்குத் திரும்பி 1970-71 சீசன் வரை பேட் பிடித்தார்.