விளம்பரம் கொடுத்தவரையும் விடாத விமர்சகர்: யார் இந்த சைம் சில்வர்மேன்?

1905-ம் ஆண்டு. நியூயார்க்கின் ‘மார்னிங் டெலிகிராப்’ நாளிதழில் மேடை நிகழ்ச்சிகளுக்கு விமர்சனம் எழுதிவந்த 32 வயதுக்காரர் ஒருவருக்கு வேலை போனது. அவர் செய்த தப்பு என்ன? ஒரு நிகழ்ச்சி நன்றாக இல்லை என்று எழுதிவிட்டார். அந்தக் கலைஞர்கள் அதே பத்திரிகைக்கு 50 டாலருக்கு விளம்பரம் கொடுத்திருந்தார்கள். விமர்சகரா, விளம்பரமா என்று வந்தபோது நிர்வாகம் விளம்பரத்தின் பக்கம் நின்றது.

வேறொருவராக இருந்தால் அடுத்த வேலையைத் தேடிப் போயிருப்பார். இவரோ சொந்தமாகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதுதான் ‘வெரைட்டி’. 120 ஆண்டுகள் கடந்தும் ஹாலிவுட்காரர்கள் படிக்கும் அந்தப் பத்திரிகையின் நிறுவனர்தான் சைம் சில்வர்மேன்.

வாடவில் என்றால் என்ன?

சினிமா வளர்வதற்கு முன்பு அமெரிக்க மக்களின் பெரிய பொழுதுபோக்கு, வாடவில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சி. ஒரே டிக்கெட்டில் பாட்டு, நடனம், சர்க்கஸ் வித்தை, மேஜிக், நகைச்சுவை, பழக்கிய நாய்களின் விளையாட்டு எனச் சுமார் எட்டு ஐட்டங்கள். ஒவ்வொன்றும் 10, 15 நிமிடங்கள்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது.

ஆனால் வரிசைக்கு ஒரு கணக்கு உண்டு. ஜனங்கள் சீட்டைத் தேடி உட்காரும் நேரம் என்பதால், பேச்சே தேவைப்படாத வித்தைக்காரர்கள் முதலில் வருவார்கள். கடைசிக்கு முந்தைய இடம் பெரிய நட்சத்திரத்துக்கு. கடைசி ஐட்டம் நடக்கும்போது பாதிப் பேர் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு கலைஞருக்கு எந்த இடம் கிடைக்கிறது என்பதை வைத்தே அவருடைய மதிப்பைச் சொல்லிவிடலாம்.

அந்த இடத்தை முடிவு செய்தது யார்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

பூட்டிய அறைக்குள் மார்க்

பெரிய தியேட்டர்களில் பல, கீத் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. அதை நடத்தியவர்கள் பி.எஃப்.கீத்தும் இ.எஃப்.ஆல்பியும். வாரத்தின் முதல் காட்சியைத் தியேட்டர் மேலாளர் உட்கார்ந்து பார்ப்பார். எந்த ஐட்டத்துக்குச் சிரிப்பு வந்தது, எது சொதப்பியது, எந்த வரியை வெட்ட வேண்டும் என்று எழுதித் தலைமையகத்துக்கு அனுப்புவார். அது நிறுவனத்துக்குள் மட்டும் சுற்றும் அறிக்கை.

1906-ல் இந்தத் தரப்பு யுனைடெட் புக்கிங் ஆபீஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. கலைஞரின் சம்பளத்தில் 5 சதவீதம் அதற்குக் கமிஷன். வேலை கொடுப்பதும் அவர்கள், அதற்குக் கமிஷன் பிடிப்பதும் அவர்கள், தரம் பார்த்து மார்க் போடுவதும் அவர்கள். அங்கே பெயர் கெட்டால் ஊர் ஊராக வாய்ப்பு போய்விடும்.

இப்படிப்பட்ட தொழிலில், எல்லோர் கண்ணிலும் படும்படி அச்சில் வரும் நேர்மையான விமர்சனத்துக்குப் பெரிய மதிப்பு இருந்தது. சைம் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

மாமனார் கொடுத்த கடன்

சைம் பிறந்தது 1873-ல், நியூயார்க் மாநிலத்தின் கோர்ட்லேண்ட் என்ற சிற்றூரில். வளர்ந்தது சிராக்யூஸ் நகரில். அப்பா வட்டிக்குக் கடன் கொடுப்பவர். மகனும் கொஞ்ச காலம் அந்தத் தொழிலில்தான் இருந்தார். ஆனால் மனசெல்லாம் தியேட்டரில். கடைசியில் நியூயார்க் நகரத்துக்குப் போய் விமர்சகரானார்.

வேலை போனதும் மாமனாரிடம் கடன் வாங்கினார். 1905 டிசம்பர் 16-ல் ‘வெரைட்டி’ முதல் இதழ் வெளிவந்தது. விலை 5 சென்ட். விற்றது 320 பிரதிகள். விளம்பரத்துக்காக விமர்சனம் வளையாது என்பதுதான் முதல் இதழிலேயே அவர் வாசகருக்குக் கொடுத்த வாக்குறுதி.

விமர்சனங்களுக்குக் கீழே எழுதியவரின் கையொப்பம் இருக்கும். யார் சொன்னது என்று தெரியாமல் ஒருவரின் பிழைப்பில் கை வைக்கக் கூடாது அல்லவா? சைம் எழுதியவற்றில் ‘சைம்’ என்றே இருக்கும். 1906-ல் தன் ஏழு வயது மகன் சிட்னியையும் விமர்சகராக்கிவிட்டார். ‘ஸ்கிகி’ என்ற செல்லப் பெயரில், குழந்தைக்கு எது பிடித்தது, எது போரடித்தது என்று அந்தப் பத்தி சொன்னது. வாசகர்கள் ரசித்துப் படித்தார்கள்.

ஒரு ஐட்டத்தை எப்படி எடை போட்டார்கள்?

‘புதிய நிகழ்ச்சிகள்’ பகுதியில் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் மேலே சில தகவல்கள் இருக்கும். நிகழ்ச்சியின் பெயர், வகை, எத்தனை நிமிடம், எந்தத் தியேட்டர். கூடவே மேடையில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதும்.

கடைசித் தகவல் ரொம்ப முக்கியம். முன்திரைக்கு முன்னால் நின்றே பாடிவிடக்கூடியவர் என்றால், அந்த நேரத்தில் பின்னால் அடுத்த ஐட்டத்துக்கு செட் போட்டுவிடலாம். முழு மேடையும் கேட்கிறவரை அப்படிப் பயன்படுத்த முடியாது. தூரத்து ஊரில் இருக்கும் தியேட்டர்காரர், நிகழ்ச்சியைப் பார்க்காமலேயே இவரை எந்த இடத்தில் போடலாம் என்று இந்த நாலு வரியில் கணக்குப் போட்டுவிடுவார்.

1907 ஜனவரி 19-ல் இரண்டு சினிமாப் படங்களுக்கும் சைம் விமர்சனம் எழுதினார். உலகின் முதல் சினிமா விமர்சனங்களாக அவை கருதப்படுகின்றன. அப்போது வாடவில் அரங்கில் ஓடிய குட்டிப் படமும் இன்னொரு ஐட்டம்தான்.

ஆல்பியுடன் மோதல்

1913-ல் நியூயார்க்கில் பேலஸ் தியேட்டர் திறக்கப்பட்டது. வாடவில் கலைஞர்களுக்கு அதுதான் சிகரம். திங்கள்கிழமை பகல் காட்சிக்கு ஏஜென்ட்டுகள், சக கலைஞர்கள், விமர்சகர்கள் எல்லோரும் கூடிவிடுவார்கள். அங்கே ஜெயித்தால் நாடு முழுக்க வாய்ப்பு.

அந்தத் தியேட்டரும் ஆல்பி தரப்பின் பிடியில்தான் இருந்தது. ‘வெரைட்டி’யின் விமர்சனங்களும் செய்திகளும் ஆல்பியை எரிச்சலூட்டின. இதில் விளம்பரம் கொடுக்கும் கலைஞர்களுக்கு வேலை கிடையாது என்ற நிலையை அவர் உருவாக்கினார். கலைஞர்களின் விளம்பரத்தை நம்பி நடந்த பத்திரிகைக்கு அது பேரிடி. பணத்துக்குத் திண்டாடியபோதும் சைம் பத்திரிகையை மூடவில்லை.

ஆனால் இந்தக் கதையில் அவர் எப்போதும் ஹீரோ இல்லை. ‘ஒயிட் ரேட்ஸ்’ என்ற கலைஞர் சங்கம் 1916-17-ல் வேலைநிறுத்தம் செய்தபோது ‘வெரைட்டி’ சங்கத்துக்கு எதிராக நின்றது. சங்கம் தோற்றது. 1918-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஏகபோகப் புகாரைக் கையில் எடுத்தது. தியேட்டர் முதலாளிகள், அவர்களுடைய புக்கிங் அமைப்பு, அவர்கள் ஆதரவில் நடந்த போட்டிச் சங்கம் ஆகியவற்றோடு ‘வெரைட்டி’யின் பெயரும் எதிர்த்தரப்பில் இருந்தது. 1920-ல் புகார் தள்ளுபடியானது. ஆனாலும் முதலாளிகளோடு ஒரே பட்டியலில் இடம்பெற்றது அந்தப் பத்திரிகைக்குப் பெருமை சேர்க்கவில்லை.

விளம்பரதாரரை எதிர்த்து நிற்பது சைமுக்கு ஒருநாள் துணிச்சல். தொழிலை ஆட்டிவைக்கும் முதலாளிகளோடு சண்டையும் சமரசமுமாகக் காலம் தள்ளியது பல வருட நெருக்கடி. முதலாவதில் ஜெயித்தவர், இரண்டாவதில் சறுக்கவும் செய்தார்.

கடைசிக் காட்சி

1928-ல் ஆல்பியின் கையிலிருந்து நிறுவனம் நழுவியது. ஆர்.கே.ஓ. சினிமா நிறுவனத்துக்குள் அது கரைந்துபோனது. 1930-ல் ஆல்பி இறந்தார். 1932 நவம்பரில் பேலஸ் தியேட்டரும் சினிமாவுக்கு மாறியது. எட்டு ஐட்டங்களின் காலம் முடிந்தது.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சைமுக்குத் தெரிந்திருந்தது. 1933 செப்டம்பர் 6-ல் ஹாலிவுட்டில் ‘டெய்லி வெரைட்டி’ நாளிதழ் தொடங்கப்பட்டது. இரண்டே வாரங்களில், செப்டம்பர் 22-ல், லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் காலமானார். வயது 60.

பத்திரிகை மகனிடம் போனது. ஏழு வயதில் ‘ஸ்கிகி’யாக விமர்சனம் எழுதிய அதே சிட்னிதான். அவருக்குப் பின் பேரன் நடத்தினார். 1987 வரை அது சில்வர்மேன் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. சைம் எடை போட்ட பல்சுவை மேடை இன்று இல்லை. விளம்பரம் தருகிறவரின் படைப்பைப் பற்றி உண்மையை எழுத முடியுமா என்ற அவருடைய கேள்வி மட்டும், ஒவ்வொரு விமர்சகர் முன்னாலும் இன்னமும் அப்படியே இருக்கிறது.