கோலாலம்பூரில் ஆசியத் திருச்சபைகளை ஒன்றுசேர்த்த யாழ்ப்பாணத் தமிழர்

கிழக்காசிய கிறிஸ்துவ மாநாடு என்னும் அமைப்பு 1959ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூரில் முறைப்படி தொடங்கப்பட்டபோது, அதன் பொதுச் செயலாளராக இருந்தவர் ஒரு தமிழர். அவர்தான் டி.டி.நைல்ஸ்.

யாழ்ப்பாணத்தை அடுத்த தெல்லிப்பளையில் 1908இல் பிறந்த டேனியல் தம்பிராஜா நைல்ஸ், பெங்களூரில் இறையியல் பயின்று மெதடிஸ்ட் போதகரானார்.

மிஷனரி என்றாலே வெள்ளைக்காரர்தான் என்று எண்ணிய காலம் அது. பணமும் ஆளும் மேலை நாடுகளிலிருந்து வர, ஆசியத் திருச்சபைகள் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே இருந்தன. நைல்ஸ் இதை மாற்ற முனைந்தார். ஏழைத் திருச்சபையும் பிறருக்கு ஊழியர்களை அனுப்பக் கடமைப்பட்டது. அருட்பணி எல்லாத் திருச்சபைகளுக்கும் பொது என்று வாதிட்டார்.

பிற சமயத்தவரிடம் உயர்ந்தவர் என்ற எண்ணத்தோடு போகக்கூடாது. கிறிஸ்துவர் போய்ச் சேருமுன்பே இறைவன் அங்கே செயல்பட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவரது உறுதியான கருத்து. 1962இல் வெளிவந்த அவரது அருட்பணி நூல் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது.

1968இல் சுவீடனின் உப்சாலாவில் நடந்த உலகத் திருச்சபைகள் மன்றப் பேரவையில் தொடக்கப் பிரசங்கம் செய்யவிருந்த மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதால், அப்பொறுப்பு நைல்ஸிடம் வந்தது. 1970 ஜூலையில் வேலூரில் அவர் காலமானார்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் பல நாட்டவரும் பல சமயத்தவரும் அருகருகே வேலை செய்யும் இன்றைய நாளில், அண்டை அயலாரைச் சமமாக மதிக்கச் சொன்ன அவரது சிந்தனை இன்னும் பொருந்துகிறது.